அஞ்சரை அடி ஆளுக்கு எந்த ஃப்ரேம்? ரோட் பைக் அளவு பார்க்கும் முறை

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ சைக்கிள் கடையில் ஏறி அளவு கேட்டால், முதலில் சக்கரத்தின் அளவைத்தான் சொல்வார்கள். 20 இஞ்ச், 26 இஞ்ச், 28 இஞ்ச். சாதா சைக்கிளுக்கு அது போதும்: சின்னப் பிள்ளைக்குச் சின்னச் சக்கரம், பெரியவர்களுக்குப் பெரிய சக்கரம். ரோட் பைக்கில், அதாவது ஹேண்டில்பார் கீழே வளைந்த, தார்ச்சாலையில் வேகமாக ஓட்டும் சைக்கிளில், அந்தக் கணக்கு செல்லாது. ஐந்தேகால் அடி ஆளுக்கும் ஆறடி ஆளுக்கும் பெரும்பாலும் ஒரே சக்கரம்தான், 700சி. ஆளுக்கு ஆள் மாறுவது ஃப்ரேம்.

சீட்டை ஏற்றி இறக்கினால் எந்த ஃப்ரேமும் பொருந்திவிடும் என்று நம்பித்தான் பலரும் தவறான அளவை வாங்குகிறார்கள். சீட் உயரம் உண்மையிலேயே சுலபமான வேலை. ஒரு ஆலன் கீ, இரண்டு நிமிடம். ஆனால் சீட்டில் இருந்துகொண்டு ஹேண்டில்பாரை எட்டிப் பிடிக்கும் தூரம் ஃப்ரேமோடு பிறந்தது. ஸ்டெம்மை, அதாவது ஹேண்டில்பாரை வண்டியோடு இணைக்கும் கட்டையை, மாற்றி அதில் ஒன்றிரண்டு செ.மீ. கூட்டிக் குறைக்கலாம், அதற்கு மேல் வழியில்லை. ஆகவே காலை அளந்து தொடங்க வேண்டும், கையை வைத்து முடிவெடுக்க வேண்டும்.

உயரம் எதுவரை உதவும்

செருப்பில்லாமல் சுவரோடு ஒட்டி நின்று உயரத்தை செ.மீ. கணக்கில் எடுங்கள். அடிக்கணக்கு வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. நம் ஊரில் 5.6 என்று எழுதினால் ஐந்தடி ஆறங்குலம், அதாவது 167.6 செ.மீ. அதையே ஒரு கணக்குப் பக்கத்தில் 5.6 அடி என்று தட்டினால் அது 170.7 செ.மீ. என்று எடுத்துக்கொள்ளும். புள்ளி ஒன்றால் 3 செ.மீ. தவறு. சிலருக்கு அதிலேயே ஒரு சைஸ் மாறிவிடும்.

பொதுவான வரம்பு இது:

152–160 செ.மீ.: 47 முதல் 49
160–167 செ.மீ.: 49 முதல் 52
167–174 செ.மீ.: 52 முதல் 54
174–180 செ.மீ.: 54 முதல் 56
180–186 செ.மீ.: 56 முதல் 58
அதற்கு மேல்: 58 முதல் 61

இந்த எண்கள் பழைய முறையில் சீட் குழாயின் (சீட்டைத் தாங்கும் ஃப்ரேம் குழாய்) நீளத்தை செ.மீ. கணக்கில் சொன்னவை. அப்போது மேல் பார், முன்னால் பிள்ளையை உட்கார வைப்போமே அந்தப் பார், தரைக்கு இணையாக இருந்தது. 1990-களின் பிற்பகுதியில் ஜயண்ட் டிசிஆர் வந்ததிலிருந்து பார் பின்பக்கம் சரிந்துவிட்டது, சீட் குழாயும் குட்டையாகிவிட்டது. இன்று 54 என்று ஒட்டியிருக்கும் ஃப்ரேமில் சீட் குழாயை அளந்தால் 50 கூட வராமல் போகலாம். ஒரு கம்பெனியின் 54-உம் இன்னொன்றின் 54-உம் ஒன்றல்ல. எஸ், எம், எல் என்று எழுத்து போடுகிறவர்கள் விஷயத்தில் சொல்லவே வேண்டாம். மேலே உள்ள பட்டியலை எந்த இரண்டு சைஸுக்கு நடுவே தேடுவது என்று தெரிந்துகொள்ள மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கவட்டுயரம்

இதற்கு இன்னொரு ஆள் துணை வேண்டும். வேட்டி, கைலி, தடித்த பேன்ட் எதுவும் வேண்டாம். ஒட்டிய கால்சட்டை போதும். சுவரில் முதுகும் குதிகாலும் படும்படி, பாதங்களுக்கு நடுவே 15–20 செ.மீ. விட்டு நில்லுங்கள். கெட்டி அட்டை போட்ட புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு நடுவே, அதன் ஓரம் சுவரில் படும்படி, மேலே தூக்குங்கள். மெதுவாகத் தொட்டு நிறுத்தினால் தப்பு. சீட்டில் உட்கார்ந்தால் எவ்வளவு அழுந்துமோ அவ்வளவு அழுத்த வேண்டும். புத்தகத்தின் மேல் விளிம்பு சுவரைத் தொடும் இடத்தில் பென்சிலால் கோடு போடச் சொல்லி, தரையிலிருந்து அந்தக் கோடு வரை இரும்பு டேப்பால் அளக்கவும். மூன்று தடவை அளந்து சராசரி எடுங்கள்.

தையல்காரர் எழுதிவைத்த உள்கால் நீளத்தை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அது பேன்ட்டின் அளவு. உண்மையான கவட்டுயரத்தைவிடப் பல செ.மீ. குறைவாக இருக்கும்.

கவட்டுயரம் கிடைத்ததும் இரண்டு பெருக்கல். 0.65-ஆல் பெருக்கினால் பழைய முறை ஃப்ரேம் அளவு வரும். 0.883-ஆல் பெருக்கினால் பாட்டம் பிராக்கெட்டின் (பெடல் கைகள் சுழலும் அச்சு இருக்கும் இடம்) நடுவிலிருந்து சீட்டின் மேல்பரப்பு வரை இருக்க வேண்டிய உயரம் வரும். இரண்டாவது கணக்கு கிரெக் லெமான்ட் என்ற அமெரிக்க வீரரின் பெயரோடு பரவியது. தொடங்குவதற்கு நல்ல இடம், வேதவாக்கு அல்ல.

170 செ.மீ. உயரமுள்ள இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். ஒருவருக்குக் கவட்டுயரம் 79, மற்றவருக்கு 83. முதலாமவருக்கு 79 × 0.65 = 51.4, சீட் உயரம் 69.8 செ.மீ. அடுத்தவருக்கு 83 × 0.65 = 54, சீட் உயரம் 73.3 செ.மீ. பக்கத்தில் பக்கத்தில் நின்றால் தலை ஒரே மட்டம், ஃப்ரேம் கணக்கில் மட்டும் ஒரு சைஸுக்கு மேல் வித்தியாசம். உயரத்தை மட்டும் கேட்டு சைக்கிள் எடுத்துத் தரும் கடையை நம்ப முடியாதது இதனால்தான்.

கணக்கு 54 சொல்கிறது என்பதற்காக இரண்டாமவர் உடனே 54-ஐத் தூக்கிக்கொண்டு வரவும் கூடாது. கால் நீளமானவருக்கு அதே உயரத்தில் உடம்பு குட்டை. சீட் உயரத்துக்கு 54 பொருந்தும், ஹேண்டில்பார் எட்டாமல் போகும்.

கையும் உடம்பும்

சுவரோடு ஒட்டி நின்று கைகளை இருபுறமும் விரித்து, நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனி வரை அளந்து உயரத்தோடு ஒப்பிடுங்கள். விரிப்பு உயரத்தைவிட 3 செ.மீ. அல்லது அதற்கு மேல் கூடுதலாக இருந்தால் இரண்டு சைஸில் பெரியதைப் பார்க்கலாம். உயரத்துக்குச் சமமாகவோ குறைவாகவோ இருந்தால் சிறியது.

தீர்மானமாகத் தெரிய வேண்டுமானால் கம்பெனியின் ஜியோமெட்ரி அட்டவணையில் இரண்டு எண்களைத் தேடுங்கள். ரீச் என்பது பாட்டம் பிராக்கெட்டின் நடுவிலிருந்து ஹெட் குழாயின் (ஹேண்டில்பாருக்குக் கீழே உள்ள முன்குழாய்) மேல்நடு வரை படுக்கைவாட்டத் தூரம். ஸ்டாக் என்பது அதே இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள செங்குத்து உயரம். நடுத்தர அளவு ரோட் பைக்குகளில் ரீச் பெரும்பாலும் 375–390 மி.மீ. சுற்றி வரும். ஒரு சைஸுக்கும் அடுத்த சைஸுக்கும் ரீச் 5–10 மி.மீ. மாறும், ஸ்டாக் 15–25 மி.மீ. மாறும். சைஸ் எண் பொய் சொல்லும்; இந்த இரண்டும் சொல்லாது.

ஒரே ஒரு எச்சரிக்கை. ஹேண்டில்பாருக்குக் கீழே ஸ்பேசர் (உயரம் கூட்டும் வளையம்) அதிகம் வைத்தால் 10 மி.மீ.க்கு ஏறக்குறைய 3 மி.மீ. ரீச் குறையும், ஏனென்றால் ஹெட் குழாய் பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறது. சீட் குழாயின் சாய்வு 1 பாகை செங்குத்தானால் 70 செ.மீ. சீட் உயரத்தில் சீட் 12 மி.மீ. முன்னே வரும். ஒரே ரீச் உள்ள இரண்டு ஃப்ரேம் ஓட்டுவதற்கு வேறாகத் தெரிந்தால் இந்த இரண்டில் ஒன்று காரணம்.

இரண்டு சைஸுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால்

பெரும்பாலானவர்களுக்குச் சிறியதுதான் நல்லது. சிறிய ஃப்ரேமில் 10 மி.மீ. கூடுதல் நீளமுள்ள ஸ்டெம் போட்டுச் சமாளிக்கலாம். பெரிய ஃப்ரேமைச் சுருக்க 60 மி.மீ. ஸ்டெம் போட்டால் வண்டியின் முன்பக்கம் துடுக்காகிவிடும்; லேசாகக் கை அசைந்தாலும் திரும்பும். 90 முதல் 110 மி.மீ. ஸ்டெம்மோடு உங்களுக்குப் பொருந்தும் ஃப்ரேம்தான் சரியான ஃப்ரேம். விதிவிலக்கு உண்டு: கால் நீளமாகி, சிறிய ஃப்ரேமில் சீட் ஹேண்டில்பாரைவிட 9–10 செ.மீ. மேலே போய்விட்டால் குனிவு தாங்காது. அப்போது பெரியதைவிட, அதே சைஸில் ஸ்டாக் கூடிய எண்டூரன்ஸ் வகை (நெடுந்தூர ஓட்டத்துக்கானது) ஃப்ரேம் எடுப்பது மேல்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு அந்த எண்டூரன்ஸ் வகை வேறு காரணங்களுக்காகவும் ஒத்துவரும். குலசேகரம், திருவட்டார், பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வரும். சாலை எங்கும் ஒரே தரமில்லை. 28 அல்லது 32 மி.மீ. டயருக்கு இடமுள்ள ஃப்ரேமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். ஏற்றத்தில் சவிட்டும்போது கை ஹூட்டின் (பிரேக் லீவரின் ரப்பர் உறை) மேல் தளர்வாக இருக்க வேண்டும்.

காற்று இன்னொரு பக்கம். ஆனி, ஆடியில் காவல்கிணறு பக்கமிருந்து ஆரல்வாய்மொழிக்குத் திரும்பிச் சவிட்டியவர்களுக்குத் தெரியும், கணவாயில் வரும் மேல்காற்று ஆளை நிறுத்திவிடும். முப்பந்தலில் அத்தனை காற்றாலை சும்மா நிற்கவில்லை. அங்கே ஹேண்டில்பாரின் கீழ் வளைவைப் பிடித்துக் குனிந்துதான் போக வேண்டும். அந்தப் பிடியில் பத்து நிமிடம் தொடர்ந்து இருக்க முடியாத ஃப்ரேம் உங்களுக்குப் பெரியது, அல்லது முன்பக்கம் மிகத் தாழ்ந்தது. கீழ்ப்பிடியைத் தொடவே தொடாமல் வருடக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் பலர். குறை அவர்கள் முதுகில் இல்லை.

கடையில் ஓட்டிப் பார்க்கும்போது

முதலில் சீட் உயரத்தை 0.883 கணக்குப்படி வையுங்கள். சரிபார்க்க: குதிகாலைப் பெடலில் வைத்துக் கீழே இறக்கினால் கால் நேராக நிற்க வேண்டும், முன்பாதத்தை வைத்தால் முழங்காலில் 25 முதல் 35 பாகை மடிப்பு இருக்க வேண்டும். இடுப்பு இடவலமாக ஆடினால் சீட் உயரம் கூடுதல். இதைச் செய்யாமல் ஓட்டிப் பார்ப்பது வீண். சீட் சரியான உயரத்தில் இல்லாவிட்டால் ஃப்ரேமின் நீளமும் சரியாகத் தெரியாது.

குறைந்தது 15 நிமிடம் ஓட்டுங்கள். முழங்கையை நீட்டிப் பூட்டிக்கொண்டே போகிறீர்களா, சீட்டின் மூக்குக்கு நழுவி நழுவி வருகிறீர்களா, கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே இழுக்கிறதா? ஃப்ரேம் பெரியது. முழங்கால் முழங்கையை உரசப் பார்க்கிறதா, உடம்பின் எடை முழுவதும் உள்ளங்கையில் விழுகிறதா, சீட் போஸ்ட்டை (சீட்டைத் தாங்கும் தண்டு) அதற்கு மேல் இழுக்கக் கூடாது என்று காட்டும் மினிமம் கோடு வரை இழுத்தாகிவிட்டதா? சிறியது. எட்டவில்லை என்பதற்காகச் சீட்டை முன்னே தள்ளித் தருவார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். சீட்டின் முன்பின் இடம் முழங்காலுக்காக. கைக்காக அதை நகர்த்தினால் முழங்கால் முன்பக்க வலியில் போய் நிற்கும்.

பாருக்கு மேல் நின்று கால் தரையில் படுகிறதா என்று பார்ப்பதை மட்டும் சோதனையாக வைக்காதீர்கள். 2–5 செ.மீ. இடைவெளி இருப்பது பாதுகாப்புக்கு வேண்டும், அவ்வளவே. சரிந்த பார் உள்ள வண்டியில் ஒரு சைஸ் பெரியதிலும் கால் நன்றாகவே ஊன்றும்.

160 செ.மீ.க்குக் கீழே உள்ளவர்கள் கூடுதலாக ஒன்று பார்க்க வேண்டும். சிறிய ஃப்ரேமில் 700சி சக்கரம் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும். கிராங்க் (பெடல் பொருத்திய கை) கிடையாக இருக்கும்போது ஹேண்டில்பாரைத் திருப்பினால் ஷூவின் நுனி முன்சக்கரத்தில் படலாம். வேகத்தில் பிரச்சினை வராது. மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே நெரிசலில் ஊர்ந்து திரும்பும்போது கவிழ்க்கும். 165 மி.மீ. கிராங்க், 38 செ.மீ. ஹேண்டில்பார் கிடைக்கிறதா என்று கேளுங்கள். பிரேக் லீவர் விரலுக்கு எட்டாவிட்டால் பெரும்பாலான லீவர்களில் ரீச் ஸ்க்ரூ உண்டு. அதைத் திருகினால் அருகே வரும்.

பழைய வண்டி, வளைகுடா வண்டி

வளைகுடாவிலிருந்து திரும்புகிறவர் பெட்டியில் கட்டிக்கொண்டு வரும் வண்டி விலைக்கு நல்லதாக அமையும், ஸ்டிக்கர் மட்டும் உரிந்திருக்கும். அளவு தெரியாவிட்டால் நீங்களே எடுக்கலாம். சமதளத் தரையில் பின்சக்கரம் சுவரில் முட்டும்படி வண்டியை நேராக நிறுத்துங்கள். சுவரிலிருந்து பாட்டம் பிராக்கெட்டின் நடு வரை அளக்கவும். சுவரிலிருந்து ஹெட் குழாயின் மேல்நடு வரை அளக்கவும். இரண்டின் வித்தியாசம் ரீச். தரையிலிருந்து அதே இரண்டு புள்ளிகளின் உயரத்தை அளந்து கழித்தால் ஸ்டாக். ஆசாரியின் ரசமட்டம் ஒன்று கையில் இருந்தால் தவறு 3–4 மி.மீ.க்குள் நிற்கும்.

விலை பேசுவதற்கு முன் சீட் போஸ்ட் அசைகிறதா என்று பாருங்கள். குளச்சல், முட்டம், மணக்குடி என்று கடலோரத்தில் நின்ற வண்டியில் உப்புக்காற்றும் வியர்வையும் இறங்கி, அலுமினியப் போஸ்ட் ஃப்ரேமோடு ஒட்டிப் பிடித்திருக்கும். அப்படிப்பட்ட வண்டி உங்கள் சைஸாகவே இருந்தாலும் முன்னவரின் சீட் உயரத்தில்தான் ஓட்ட வேண்டும். சுத்தியலால் அடித்துப் பார்க்கிறேன் என்று யாராவது சொன்னால் விலகிவிடுங்கள். நல்ல வண்டியாகக் கிடைத்தால் போஸ்ட்டை முழுவதும் வெளியே எடுத்துத் துடைத்து, போஸ்ட்டும் ஃப்ரேமும் உலோகம் என்றால் கிரீஸ், இரண்டில் ஒன்று கார்பன் என்றாலும் கார்பன் பேஸ்ட் தடவி, உங்கள் உயரத்தில் மாட்டி, அந்த இடத்தில் இன்சுலேஷன் டேப் ஒரு சுற்றுச் சுற்றிவையுங்கள். நம் ஊர்ப் பருவத்துக்கு வருடத்தில் இரண்டு தடவை இதைத் திரும்பச் செய்ய வேண்டும்: இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) முடிந்ததும் ஒருமுறை, ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு ஒருமுறை.