கோயில் கட்ட நிதி: மடிக்கிற அட்டையை முயன்று பாருங்கள்

தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வொர்த்தில் ஒரு கோயில் கமிட்டிக்குக் கணக்கு பார்க்கிறவன் நான். புதுக் கட்டடம் என்றால் உண்டியலை மட்டும் நம்பாதீர்கள். இவ்வளவு தருகிறேன் என்று பக்தர்கள் சொல்லும் வாக்குறுதி அட்டை அச்சடியுங்கள்.

அமெரிக்காவில் பல யூத ஆலயங்களில் யோம் கிப்பூர் என்ற நோன்பு நாளின் இரவில் இப்படித்தான் திரட்டுகிறார்கள். அன்றைக்கு எழுதவும் கூடாது, பணத்தைத் தொடவும் கூடாது. அதனால் அட்டையின் ஓரத்தில் தொகைகள் அச்சிட்ட துண்டுகள் இருக்கும். தர நினைப்பதை மடித்துக் கொடுத்தால் போதும். காவடியன்று கையெல்லாம் பாலும் விபூதியுமாக நிற்கும் நம்மவர்களுக்கும் இது தோது. பெயரை மட்டும் முன்பே எழுதி வையுங்கள். சிறு தொகையும் இருக்கட்டும், 50 ராண்டாவது. இல்லையென்றால் பென்ஷன் வாங்கும் ஆயாக்கள் அட்டையைத் தொடவே கூச்சப்படுவார்கள். மாதத் தவணைக்கும் ஒரு துண்டு விடுங்கள்.

அப்புறம் வரி. டாக்டர்களும் வக்கீல்களும் முதலில் கேட்பது, நன்கொடைக்கு வருமான வரிக் கழிவு வாங்கித் தரும் 18ஏ ரசீதைத்தான். தருவதாக வாய் விடாதீர்கள்! இந்த நாட்டில் கல்வி, ஏழைகள் நலம் போன்ற பணிகளுக்கு அது உண்டு. கோயிலோ யூத ஆலயமோ, வழிபாட்டுக் கட்டடத்துக்குக் கிடையாது.

அட்டைகளை அன்றிரவே இரண்டு பேர் எண்ணி, கையெழுத்துப் போட்டு, பூட்டி வையுங்கள்.