வாஷிங்டன் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்? எழுதும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க வரலாற்றுத் தாளை நடத்துகிறவர்களுக்கு ஒரு கேள்வி ஆண்டுதோறும் வந்துவிடும். 1860 டிசம்பரில் தென் கரோலினா அமெரிக்க ஒன்றியத்தை விட்டுப் போனது, 1861 பிப்ரவரிக்குள் இன்னும் ஆறு மாநிலங்கள் அதன் பின்னாலேயே கிளம்பின. இதைப் பழைய அதிபர்களான வாஷிங்டன், ஜெபர்சன், மேடிசன், ஜாக்சன் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? கருத்தரங்குக்கும் பட்டிமன்றத்துக்கும் நன்றாகத் தோதுப்படும் கேள்விதான். ஆனால் இந்த வாரம் திருத்திய விடைத்தாள் கட்டுக்குள், நாங்கள் படித்த காலத்தில் வகுப்பே சேர்ந்து செய்த அதே கோளாறுகள் அப்படியே இருக்கின்றன. தாமஸ் ஜெபர்சனையும், பிரிந்த தெற்கு மாநிலங்களின் அதிபரான ஜெபர்சன் டேவிஸையும் குழப்புவது, ஆண்டை மாற்றி எழுதுவது எல்லாம் ஒருமுறை சிவப்பு மை பட்டால் சரியாகிவிடும், அதை விட்டுவிடுகிறேன். சரியாகாதவை வேறு.

மூன்று கேள்விகளை ஒரே கேள்வியாகப் போடுவது

"ஆதரித்திருப்பாரா, எதிர்த்திருப்பாரா?" என்று தொடங்கினாலே கட்டுரை பாதி கெட்டது. இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. ஒரு மாநிலத்துக்குப் பிரிந்துபோகும் உரிமை உண்டா? உரிமையில்லாமல் பிரிந்தால் படையை அனுப்பித் தடுக்கலாமா? அடிமைமுறையில் மத்திய அரசு கைவைக்கிறது என்று தெற்கு சொன்ன குறையில் நியாயம் இருந்ததா? ஒன்றுக்கு 'இல்லை' என்றவர் அடுத்ததற்கும் 'இல்லை' என்று சொல்ல முழு வாய்ப்பு உண்டு. நெருக்கடி வெடித்தபோது அதிபர் நாற்காலியில் இருந்த புக்கானனே அப்படித்தான் சொன்னார். 1860 டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசுக்கு அனுப்பிய செய்தியில், பிரிய உரிமை இல்லை என்றார். பிரிந்தவர்களைப் படைபலத்தால் இழுத்துவரும் அதிகாரம் காங்கிரசுக்கும் இல்லை என்றார். கேலி செய்தார்கள், ஆனால் கேள்விகள் வேறு வேறு என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுமா? பழைய தலைவர்களிடமும் மூன்றையும் தனித்தனியாகத்தான் கேட்க வேண்டும்.

1798ஐ மட்டும் படித்துவிட்டு வருவது

இதுதான் எனக்கு இன்றுவரை எரிச்சல் மூட்டுவது. எழுதுகிறவருக்கு அதிகம் நட்டம் வைப்பதும் இதுதான், ஏனென்றால் இந்த அடித்தளத்தின் மேல் கட்டினால் மேலே எழுதியது அத்தனையும் போய்விடும். போன ஆண்டு ஒரு கருத்தரங்கில் ஒரு மாணவர் எழுந்து, கென்டக்கித் தீர்மானத்தை எழுதியவர் ஜெபர்சன், வர்ஜீனியாத் தீர்மானத்தை எழுதியவர் மேடிசன், ஆகவே இருவரும் 1861இல் தெற்கின் பக்கம்தான் நின்றிருப்பார்கள் என்று அடித்துப் பேசினார். கைதட்டல் பலமாக இருந்தது. மேடையில் இருந்தவர்களும் தலையாட்டினார்கள், அதுதான் தாங்கவில்லை.

கதையை முதலிலிருந்து பார்ப்போம். 1798இல் ஆடம்ஸ் ஆட்சி, அயலாரை நாடுகடத்தவும் அரசை விமர்சித்து எழுதுபவர்களைச் சிறையில் தள்ளவும் வழிசெய்யும் சட்டங்களைக் கொண்டுவந்தது. ஜெபர்சன் அப்போது துணை அதிபர். தன் பெயரை மறைத்துக் கென்டக்கிக்கான தீர்மானத்தை எழுதிக்கொடுத்தார். மேடிசன் வர்ஜீனியாவுக்கு எழுதினார். மத்திய அரசு எல்லை மீறினால் மாநிலங்கள் குறுக்கே நிற்கலாம் என்பது இரண்டிலும் உண்டு. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. ஜெபர்சனின் வரைவு, சட்டத்தையே செல்லாததாக்கும் உரிமை வரை போகிறது. 1799 ஆகஸ்டில் மேடிசனுக்கு எழுதிய கடிதத்தில், தன்னாட்சி உரிமையை இழப்பதைவிட ஒன்றியத்தைவிட்டு விலகுவதே மேல் என்கிற அளவுக்குப் போனார்; மேடிசன் பேசிப்பார்த்த பிறகு அந்த வரி அடுத்த தீர்மானத்தில் இடம்பெறவில்லை. இந்த ஒரு விஷயம் தெரிந்திருந்தாலே இருவரையும் ஒரே மூட்டையாகக் கட்டத் தோன்றாது. 1800இல் எழுதிய நீண்ட அறிக்கையில் மேடிசன் இன்னும் தெளிவாக, இந்தத் தீர்மானங்கள் மக்கள் கருத்தைத் தட்டியெழுப்பும் கருத்து வெளிப்பாடுகள், அதற்குமேல் அவற்றுக்கு எந்த விளைவும் இல்லை என்றே சொல்லிவிட்டார்.

அப்புறம்தான் முக்கியமான பகுதி. மேடிசன் என்ன சொல்லியிருப்பார் என்று நாம் ஊகிக்க வேண்டியதே இல்லை, ஏனென்றால் அவர் 1836 வரை உயிரோடு இருந்தார், ஏறக்குறைய இதே கேள்வி அவர் வாசலுக்கே வந்தது. 1828, 1832 சுங்கவரிச் சட்டங்களைத் தன் எல்லைக்குள் செல்லாது என்று தென் கரோலினா 1832 நவம்பரில் அறிவித்தது, வற்புறுத்தினால் பிரிந்துவிடுவோம் என்றும் மிரட்டியது. அதற்குச் சித்தாந்தம் வகுத்த தென் கரோலினாத் தலைவர் கல்ஹூன் கையில் ஏந்தியது எதை? அதே 1798 தீர்மானங்களை. எழுதிய மனிதர் உயிரோடு உட்கார்ந்து "நான் சொன்னது அது இல்லையப்பா" என்று கத்திக்கொண்டிருக்கும்போதே, அவர் பெயரைச் சொல்லி நேர்மாறானதை விற்றார்கள்.

எண்பது வயது. மூட்டுவாதத்தில் விரல்கள் மடங்காது, கையெழுத்து நுணுகிப்போய்விட்டது. அந்தக் கையால் கடிதம் கடிதமாக எழுதினார். 1830இல் எட்வர்ட் எவரெட்டுக்கு எழுதியது பத்திரிகையில் வெளிவந்தது. 1833 மார்ச் 15 அன்று செனட்டர் வெப்ஸ்டருக்கு எழுதியதைத்தான் மாணவர்கள் மனப்பாடமே செய்ய வேண்டும் என்பேன். நினைத்தபோது பிரிந்துகொள்ளலாம் என்ற உரிமையையும், தாங்கமுடியாத ஒடுக்குமுறையிலிருந்து விலகும் உரிமையையும் குழப்பாதீர்கள் என்கிறார். முதலாவது, காரணமின்றி வாக்குறுதியை மீறுவது. இரண்டாவது புரட்சிக்கே இன்னொரு பெயர், அதில் கோட்பாட்டளவில் தகராறு இல்லை. ஒப்பந்தம் செய்த தரப்பினர் எல்லாரும் சமம் என்பதாலேயே ஒரு தரப்பு மட்டும் தன்னிச்சையாக அதை முறித்துக்கொள்ள முடியாது என்பதுதான் அவர் திரும்பத் திரும்பச் சொன்ன வாதம்.

கிழவரான பிறகு மாறிவிட்டார் என்று ஒருவர் மடக்கினார். சரி, 1788 ஜூலைக்குப் போவோம். நியூயார்க் மாநிலம், பின்னால் விலகும் உரிமையை வைத்துக்கொண்டு அரசியலமைப்பை ஏற்கலாமா என்று யோசித்தபோது ஹாமில்டன் மேடிசனிடம் கேட்டார். அப்படி ஏற்றால் அது ஏற்பே ஆகாது. ஏற்பதானால் முழுதாக, என்றென்றைக்குமாக ஏற்க வேண்டும் என்று பதில் வந்தது. நாற்பத்தைந்து ஆண்டு இடைவெளியில் இரண்டு முனையிலும் ஒரே பதில்.

ஆனால் இதை வைத்து மேடிசனை லிங்கன் கட்சிக்காரர் ஆக்கிவிடாதீர்கள், அது அடுத்த பள்ளம். மிசூரியை அடிமை மாநிலமாகச் சேர்க்கலாமா என்ற சர்ச்சையின்போது, அங்கே அடிமைமுறையைத் தடைசெய்யக் காங்கிரசுக்கு அதிகாரம் உண்டா என்பதில் அவருக்குப் பலத்த ஐயம் இருந்தது. அடிமைகள் மேற்கே பரவினால் நல்லது என்றுகூட நினைத்தார், தன் அடிமைகளை உயிலிலும் விடுவிக்கவில்லை. ஆக, தெற்கின் குறையில் பாதியை ஒத்துக்கொண்டு, அதற்காகப் பிரிவதை மறுத்திருப்பார் என்பதுதான் சான்றுகள் காட்டும் திசை. இந்த மாதிரிக் கோணலான பதிலை எழுத யாருக்கும் துணிவு வருவதில்லை.

ஜெபர்சன் கதை இவ்வளவு சுலபமில்லை. 1816இல் ஒரு கடிதத்தில், ஒரு மாநிலம் பிரிவதையே விரும்பினால் "பிரிவோம்" என்று சொல்லத் தயங்கமாட்டேன் என்கிறார். 1820இல் மிசூரித் தகராறைப் பார்த்துவிட்டு, நள்ளிரவில் ஒலிக்கும் தீ மணி என்று அலறுகிறார், ஒன்றியத்தை உடைப்பது தற்கொலை, உலகின் நம்பிக்கைகளுக்கு எதிரான துரோகம் என்கிறார். அதிபராக இருந்தபோதோ, தன் வணிகத் தடைச் சட்டத்தை மீறிய வடகிழக்கு மாநிலக் கடத்தல்காரர்கள்மீது படையையே ஏவினார். இவற்றில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு எழுதுகிறவரை நான் நம்பமாட்டேன். எதிர்க்கட்சியில் இருந்தபோது பேசியது, பதவியில் இருந்தபோது செய்தது, ஓய்வில் பயந்தது என்று மூன்றையும் தேதியோடு எழுதிவைத்துவிட்டு, ஜெபர்சன் விஷயத்தில் உறுதியாகச் சொல்ல முடியாது என்று முடித்தால் முழு மதிப்பெண் போடுவேன்.

ஜாக்சன் என்றால் இரும்புக்கை என்று முடித்துவிடுவது

1830 ஏப்ரல் 13, ஜெபர்சன் பிறந்தநாள் விருந்து. ஜெபர்சன் இறந்து நான்கு ஆண்டு ஆகிறது, அவர் பெயரைத் தங்கள் கொள்கைக்குக் குடையாகப் பிடிக்கலாம் என்று தென் கரோலினா ஆட்கள் கணக்குப்போட்டார்கள். ஜாக்சன் எழுந்து, நம் ஒன்றியம் காக்கப்பட்டே தீரவேண்டும் என்று கோப்பையை உயர்த்தினார். 1832 டிசம்பர் 10 பிரகடனத்தில், ஆயுதபலத்தால் ஒன்றியத்தை உடைப்பது தேசத்துரோகம் என்றார். எல்லாரும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். படையைப் பயன்படுத்த அனுமதிக்கும் சட்டத்தோடு சேர்ந்தே, செனட்டர் கிளே முன்னின்று செய்த சமரசமாக வரிக்குறைப்புச் சட்டமும் 1833 மார்ச்சில் நிறைவேறியது. தென் கரோலினா இறங்கிவந்ததில் அதற்குப் பெரிய பங்கு. அதே 1832இல் செரோக்கி மக்கள் தொடர்பான வழக்கில் ஜார்ஜியா மாநிலம் உச்ச நீதிமன்றத்தை மதிக்காதபோது இதே ஜாக்சன் கையைக் கட்டிக்கொண்டுதான் இருந்தார்.

அவர் கடிதம் ஒன்றைப் படிக்காமல் விட்டுவிடாதீர்கள். 1833 மே மாதம், சுங்கவரி வெறும் சாக்குதான், உண்மையான நோக்கம் தெற்குக் கூட்டமைப்பு, அடுத்த சாக்கு அடிமைப் பிரச்சினையாக இருக்கும் என்று எழுதினார். அடிமைகளை வைத்துத் தோட்டம் நடத்திய மனிதர் எழுதியது இது.

காதில் விழுந்த மேற்கோள்கள்

அந்தச் செரோக்கி வழக்கில், தலைமை நீதிபதி மார்ஷலைப் பற்றி "மார்ஷல் தீர்ப்புச் சொல்லிவிட்டார், அவரே நிறைவேற்றிக்கொள்ளட்டும்" என்று ஜாக்சன் சொன்னதற்குச் சமகால ஆதாரம் இல்லை. எழுதாதீர்கள்.

குடும்பத்தைச் சான்றாகக் காட்டுவது

அதிபராக இருந்த சக்கரி டெய்லரின் மகன் தெற்குப் படையில் தளபதி. 1850இல் பிரிவினை பேசியவர்களை மிரட்டியவர் அதே டெய்லர்.

'மாநில உரிமை' என்று மட்டும் எழுதி அடிமைமுறையை விட்டுவிடுவது

தெற்கு நிறுவனர்களின் வழியில்தான் நடந்தது என்று எழுதுகிறவர்கள், பிரிந்த மாநிலங்கள் அமைத்த கூட்டமைப்பின் துணை அதிபர் ஸ்டீபன்ஸ் 1861 மார்ச் 21 அன்று சவான்னாவில் பேசியதை ஒருமுறை படிக்கலாம். ஜெபர்சனும் அவர் காலத்துத் தலைவர்களில் பெரும்பாலோரும் அடிமைமுறை கொள்கையளவில் தவறு என்று நினைத்தார்கள், அவர்கள் நினைத்தது தவறு, எங்கள் அரசு அதற்கு நேரெதிரான எண்ணத்தின்மேல் நிற்கிறது என்று அவரே சொல்கிறார். வக்கீலே கைவிட்ட வாதத்தை நாம் ஏன் தூக்கிச் சுமக்க வேண்டும்?

வாஷிங்டன் சிலையைக் கண்டு மயங்குவது

தெற்கு தன் முத்திரையில் குதிரைமேல் அமர்ந்த வாஷிங்டனைப் பொறித்தது. டேவிஸ் 1862இல் பதவியேற்றது வாஷிங்டன் பிறந்தநாளான பிப்ரவரி 22 அன்று, ரிச்மண்டில் அவர் சிலையடியில். இது எதுவும் வாஷிங்டனின் கருத்துக்குச் சான்றல்ல, தெற்குக்கு அவர் எவ்வளவு தேவைப்பட்டார் என்பதற்குத்தான் சான்று. அவருடைய கருத்துக்கு 1794ஐப் பாருங்கள்: விஸ்கி வரிக் கலகத்தை அடக்க ஏறக்குறைய 13,000 படையினரைத் திரட்டித் தானே பாதி தூரம் போனார். 1796 பிரியாவிடை உரையில், வடக்கு தெற்கு என்று வட்டாரக் கட்சிகள் முளைப்பதைப் பற்றி எச்சரித்தார்.

பின்னாளில் தெற்கின் படைத்தளபதியான ராபர்ட் லீ இந்த ஊகத்தை நமக்கு முன்பே செய்துபார்த்துவிட்டார். 1861 ஜனவரி 23 அன்று டெக்சசிலிருந்து மகனுக்கு எழுதிய கடிதத்தில், வாஷிங்டனின் வரலாற்றைப் படித்ததாகவும், தன் மாபெரும் உழைப்பு சிதைவதைக் கண்டால் அவர் ஆன்மா எவ்வளவு வருந்தும் என்றும் எழுதுகிறார், பிரிவினை என்பது புரட்சியன்றி வேறில்லை என்கிறார். ஏப்ரல் 20 அன்று அமெரிக்கப் படையிலிருந்து விலகி வர்ஜீனியாவின் பக்கம் போய்விட்டார்.

உயிரோடு இருந்தவர்களை மறப்பது

1861 மார்ச்சில் லிங்கன் பதவியேற்றபோது முன்னாள் அதிபர்கள் ஐந்து பேர் உயிரோடு இருந்தார்கள்: வான் பியூரன், டைலர், ஃபில்மோர், பியர்ஸ், புக்கானன். ஒரு விடைத்தாளிலும் இவர்களைப் பார்க்க முடிவதில்லை. வான் பியூரன் லிங்கனை ஆதரித்தார். ஃபில்மோர் ஒன்றியத்தின் பக்கம் நின்றுகொண்டே லிங்கனைக் குறை சொன்னார். பியர்ஸ் போரையே கடுமையாகத் தாக்கினார். டைலர்தான் சுவாரசியம். 1833இல் ஜாக்சனின் படைச் சட்டத்துக்கு எதிராக செனட்டில் விழுந்த ஒரே ஓட்டு அவருடையது. 1861 பிப்ரவரியில் வாஷிங்டன் நகரில் கூடிய சமாதான மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார், அது தோற்றதும் பிரிவினைக்கு ஓட்டளித்தார், தெற்குக் காங்கிரசின் பிரதிநிதிகள் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, அங்கே போய் உட்காரும் முன்பே 1862 ஜனவரியில் இறந்தார். செத்தவர்களைப் பற்றி ஊகிக்கத் தொடங்கும் முன், 1833இல் ஒவ்வொருவர் எடுத்த நிலையையும் 1861இல் அவர் எடுத்த பக்கத்தையும் ஒரு பட்டியல் போட்டுப் பாருங்கள், டைலர் பெயரிலிருந்து தொடங்கலாம்.