‘ரெண்டு பேருக்கும் சம்மதம்தானே?’: கொடுக்கல் வாங்கலில் நடக்கும் தவறுகள்

கொடுக்கல் வாங்கலில் ஹலால் (மார்க்கம் அனுமதித்தது), ஹராம் (தடுத்தது) என்று பேச்செடுத்தாலே பலர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “அவருக்கும் சம்மதம், எனக்கும் சம்மதம், அப்புறம் என்ன தப்பு?” வியாபாரம் பரஸ்பர சம்மதத்துடன் நடக்க வேண்டும் என்று குர்ஆன் (4:29) சொல்வது உண்மைதான். ஆனால் சம்மதம் என்பது பல நிபந்தனைகளில் ஒன்று. ஹராமான வட்டிக்குக் கடன் வாங்குகிறவரும் சம்மதித்துத்தானே கையெழுத்துப் போடுகிறார்?

நபித்தோழர் பிலால் (ரலி) அவர்கள் ஒருமுறை நல்ல ரகப் பேரீச்சம்பழத்தை நபி (ஸல்) அவர்களிடம் கொண்டுவந்தார்கள். எங்கிருந்து கிடைத்தது என்று நபியவர்கள் கேட்க, தம்மிடமிருந்த மட்டமான பழத்தில் இரண்டு ஸாஉ (அக்கால முகத்தல் அளவு) கொடுத்து இதில் ஒரு ஸாஉ வாங்கியதாகச் சொன்னார்கள். அங்கே யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. இரு தரப்புக்கும் திருப்திதான். ஆனாலும் “இது வட்டியேதான்” என்றார்கள் நபியவர்கள். மட்டமான பழத்தைத் தனியாக விற்றுவிட்டு, கிடைத்ததை வைத்து நல்லதை வாங்கும்படி வழியும் காட்டினார்கள்.

தங்கம், வெள்ளி, கோதுமை, வாற்கோதுமை, பேரீச்சை, உப்பு ஆகிய ஆறையும் அதே இனத்துக்கு மாற்றினால் அளவு சமமாக இருக்க வேண்டும், கைக்குக் கை மாற வேண்டும் என்பது ஹதீஸ் (நபிமொழி). இன்று பெரும்பாலானோர் இதில் தடுக்கி விழுவது தங்கத்தில். பழைய நகை 10 கிராமைக் கொடுத்து, புது நகை 8 கிராமை வாங்கி, “மீதி செய்கூலிக்குச் சரியாப் போச்சு” என்று எழுந்து வருகிறோம். பிலால் (ரலி) செய்த அதே மாற்றம்தான் இது. பழையதை விற்றுப் பணத்தைக் கையில் வாங்குங்கள். பிறகு அந்தப் பணத்தில் புதியதை வாங்குங்கள். கூடுதலாக ஐந்து நிமிடம் ஆகும், அவ்வளவுதான். வேலைப்பாட்டுக்காகக் கூடுதல் பெறலாம் என்று இப்னு தைமிய்யா போன்ற சில அறிஞர்கள் சொல்லியிருக்கிறார்கள். பெரும்பான்மை அறிஞர்கள் அதை ஏற்கவில்லை. தங்கத்தைத் தவணையில் வாங்குவதும் இதே காரணத்தால்தான் கூடாது என்கிறார்கள். பணமும் தங்கமும் ஒரே அமர்வில் கை மாற வேண்டும்.

அடுத்தது, தெரிந்தவர் தொழிலில் பணம் போடுவது. எனக்குத் தெரிந்து அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். பேச்சு இப்படித்தான் ஆரம்பிக்கும்:

“அண்ணே, ஒரு லட்சம் போடுறேன். மாசம் ரெண்டாயிரம் கொடுத்துடுங்க. கணக்கெல்லாம் எனக்கு வேணாம்.”

“சரிப்பா, முதலும் பத்திரமா இருக்கும். நான் பொறுப்பு.”

இருவரும் நல்லவர்கள், மனதில் கள்ளம் இல்லை. ஆனால் இந்த இரண்டு வரியில் உருவானது கூட்டு வியாபாரம் அல்ல, வட்டிக் கடன். முதல் போனால் திருப்பித் தருவேன் என்று ஒருவர் பொறுப்பேற்றுவிட்டார். லாபம் வந்தாலும் வராவிட்டாலும் மாதம் ஒரு தொகை உறுதியாகிவிட்டது. இதற்கு ‘லாபம்’ என்று பெயர் வைத்தாலும் ‘ஹதியா’ (அன்பளிப்பு) என்று பெயர் வைத்தாலும் கடன் கடன்தான்.

ஒருவர் பணம், இன்னொருவர் உழைப்பு என்ற முளாரபா ஒப்பந்தத்தில், வரும் லாபத்தில் இவருக்கு 60 சதவீதம், அவருக்கு 40 சதவீதம் என்று பங்கு பேச வேண்டும். நஷ்டம் வந்தால் பணம் போட்டவருக்குப் பணம் போகும், உழைத்தவருக்கு உழைப்பு வீணாகும். உழைத்தவரின் அலட்சியமோ ஒப்பந்த மீறலோ இருந்தால் மட்டும் அவர் ஈடு கட்ட வேண்டும். ‘லாபத்தில் 40 சதவீதம்’ என்பதற்கும் ‘போட்ட பணத்தில் 2 சதவீதம்’ என்பதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். முதலாவது லாபம் வந்தால்தான் வரும். இரண்டாவது தொழில் படுத்தாலும் வந்துகொண்டே இருக்கும். இருவரும் பணம் போடும் கூட்டில் நஷ்டம் அவரவர் முதலீட்டு விகிதப்படிதான். ஷாஃபிஈ மத்ஹபில் (சட்டப் பிரிவில்) லாபமும் அப்படியே. ஹனஃபி மத்ஹபில் லாப விகிதத்தை வேறாகப் பேசிக்கொள்ள இடமுண்டு.

தவணை வியாபாரம் பற்றி ஒரு தவறான பயமும் இருக்கிறது. ரொக்கத்துக்கு ஒரு விலை, தவணைக்குக் கூடுதல் விலை என்று வைப்பதே வட்டி என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஜித்தாவிலுள்ள சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் (மார்க்கச் சட்ட) அகாடமி 1990-இல் இதை அனுமதித்துத் தீர்மானம் போட்டது. எந்த விலை என்று பிரிவதற்கு முன் முடிவு செய்துவிட வேண்டும். “எடுத்துட்டுப் போங்க, முடிஞ்சா ரொக்கம், இல்லாட்டி தவணை” என்று தொங்கலில் விட்டால் ஒப்பந்தம் செல்லாது. தவணை தவறினால் அபராதம் என்று சேர்த்தால் அது வட்டி. வாங்கியவர் நிஜமாகவே நெருக்கடியில் இருந்தால் அவகாசம் கொடுக்கச் சொல்கிறது குர்ஆன் (2:280). வசதி இருந்தும் இழுத்தடிப்பவரின் செயல் அநியாயம் என்று ஹதீஸும் சொல்கிறது. கடன்காரர்கள் முதலாவதை மட்டும் நன்றாக ஞாபகம் வைத்திருப்பார்கள்!

கையில் இல்லாத பொருளை விற்பது ஆன்லைன் வியாபாரத்தில் சர்வசாதாரணம். படம் போட்டு, ஆர்டர் எடுத்து, பணம் வாங்கிய பிறகுதான் பொருளை வேறொருவரிடம் வாங்குகிறார்கள். நபித்தோழர் ஹகீம் பின் ஹிஸாம் (ரலி) அவர்கள் நபியவர்களிடம் கேட்டது கிட்டத்தட்ட இதையேதான். “உன்னிடம் இல்லாததை விற்காதே” என்று பதில் வந்தது. இதற்கு வழிகள் இருக்கின்றன. மொத்த வியாபாரியின் முகவராக இருந்து கமிஷன் வாங்கலாம். பொருளை வாங்கிக் கைவசப்படுத்திய பிறகு விற்கலாம். அல்லது ஸலம் முறையில், முழுத் தொகையையும் முன்கூட்டியே பெற்றுக்கொண்டு, ரகம், அளவு, தேதி எல்லாவற்றையும் தெளிவாகப் பேசி விற்கலாம்.

கடனை எழுதி வைக்காதது இன்னொன்று. “நமக்குள்ள எதுக்கு எழுத்து?” என்பார்கள். குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் (2:282) கடனை எழுதுவது பற்றித்தான். எழுதுபவர் யார், வாசகம் சொல்பவர் யார், சாட்சிகள் எத்தனை பேர் என்பது வரை அதில் இருக்கிறது. கடன் கொடுத்தவருக்குச் சலுகை ஏதும் கிடைக்க வேண்டும் என்று பேசிக்கொள்வதும் கூடாது. அடமானமாக வாங்கிய வீட்டில் கடன் அடையும்வரை வாடகையில்லாமல் குடியிருப்பதும் இந்தக் கணக்கில்தான் வரும். ஆனால் வாங்கியவர், யாரும் கேட்காமல் தாமாகவே சற்றுக் கூடுதலாகத் திருப்பித் தந்தால் குற்றமில்லை. நபியவர்கள் கடனாக வாங்கிய ஒட்டகத்துக்குப் பதில் அதைவிடச் சிறந்ததைக் கொடுக்கச் சொன்னார்கள்.

ஜகாத் (ஆண்டுதோறும் கொடுக்க வேண்டிய கட்டாயத் தானம்) கணக்கில் வியாபாரிகள் செய்யும் பிழை, கல்லாப் பணத்தை மட்டும் எண்ணுவது. விற்பனைக்கு வைத்திருக்கும் சரக்கையும் அன்றைய விலையில் மதிப்பிட்டு 2.5 சதவீதம் கொடுக்க வேண்டும். அலமாரி, தராசு, வண்டி இவற்றுக்கு ஜகாத் இல்லை. வங்கிக் கணக்கில் விழுந்த வட்டியை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு அதை ஜகாத்தில் கழித்துக்கொள்கிறவர்களும் உண்டு. அது கழியாது. அந்த வட்டி அவருடைய பணமே இல்லை. ஜகாத்தைச் சொந்தப் பணத்திலிருந்துதான் எடுக்க வேண்டும்.