உறுத்திய கிட்டார் கார்டு: என் அனுபவம்

கிட்டாரில் ஏ மைனர் மேஜர் செவன்த் என்ற கார்டை (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டை) முதலில் வாசித்தபோது, தவறான ஸ்வரத்தை அழுத்திவிட்டேன் என்றே நினைத்தேன். சி, இ, ஜி ஷார்ப் மூன்றும் சேர்ந்து அதனுள் ஆக்மென்டட் எனப்படும், நிலைகொள்ளாமல் ஒலிக்கும் ஒரு வகைக் கார்டாக நிற்பதால் எழும் உறுத்தல் அது, பிழையன்று. பிழை என் விரலில் இருந்தது: இரண்டாம், மூன்றாம் தந்திகளின் முதல் ஃப்ரெட்டை (கிட்டார் கழுத்தில் உள்ள கட்டத்தை) சுட்டுவிரலைப் படுக்கவைத்து அழுத்தியதால், முதல் தந்தி ஒலிக்காமல் அடைபட்டது. சுட்டுவிரலை இரண்டாம் தந்தியிலும், நடுவிரலை மூன்றாம் தந்தியிலும், மோதிர விரலை நான்காம் தந்தியின் இரண்டாம் ஃப்ரெட்டிலும் நிமிர்த்தி வைத்ததும் அது தீர்ந்தது. காது பழகத்தான் நாளாயிற்று (அதற்குப் பிடிவாதம் அதிகம்). ஏ மைனர், இந்தக் கார்டு, ஏ மைனர் செவன்த் என்று தொடர்ந்து வாசித்து, மூன்றாம் தந்தியில் ஏ, ஜி ஷார்ப், ஜி என ஸ்வரம் ஒவ்வொரு ஃப்ரெட்டாக இறங்குவதைக் கவனித்த பிறகே அந்த உறுத்தல் எனக்கு இனிக்கத் தொடங்கியது.