தையல் லைனில் லீன்: ஊசிப் பெட்டியில் தொடங்கிய கதையும் செய்முறையும்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், செக்கிங் மேசைக்குப் பக்கத்தில் யோசனைப் பெட்டி ஒன்று மாட்டினார்கள். முதல் வாரமே நிறையச் சீட்டு விழுந்தது. ஷிப்மென்ட் நெருக்கடியில் அதைத் திறக்க மூன்று மாதம் ஆகிவிட்டது. அதன் பிறகு ஒரு சீட்டுகூட விழவில்லை. "சொன்னா மட்டும் என்ன ஆயிரப்போவுது" என்ற நினைப்பு ஒருமுறை லைனுக்குள் வந்துவிட்டால் அதைப் போக்குவது பெரும்பாடு. புதிதாகப் பொறுப்பேற்கும் சூப்பர்வைசர்களுக்கு அந்த நிலை வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் இரண்டு சொற்கள். லீன் என்றால், வாடிக்கையாளருக்குப் பயன்படாத காத்திருப்பு, அலைச்சல், ஆல்ட்டர் (தப்பாகத் தைத்த பீஸைத் திரும்பச் சரிசெய்வது), தேவைக்கு மேல் குவியும் சரக்கு போன்றவற்றைக் குறைத்துக்கொண்டே வருவது. கைசன் என்றால், வேலையைச் செய்கிறவர்களே அதை நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்வது. இரண்டும் ஜப்பானின் டொயோட்டா கார் கம்பெனியில் வளர்ந்தவை. ஆனால் அந்த வம்சத்தின் வேர் நம் தொழிலில் இருக்கிறது. டொயோட்டா குழுமத்துக்கு அடித்தளமிட்ட சகிச்சி டொயோடா 1924இல் முழுமைப்படுத்திய தறி, நூல் அறுந்தால் தானே நின்றுவிடும். நம் நிட்டிங் மெஷினும் நூல் அறுந்தால் நிற்கிறது அல்லவா, அதே எண்ணம்தான். பழுதோடு ஓடுவதைவிட நின்று சரிசெய்வது மேல்.

"அதெல்லாம் ஜப்பானுக்குச் சரி" என்பவர்களுக்கு ஒரு பதில்: தரத்துக்காக ஜப்பானில் தரப்படும் டெமிங் பரிசை 1998இல் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவும், 2002இல் டிவிஎஸ் மோட்டாரும் வாங்கின. தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் செய்து காட்டிய வேலை அது.

படி 1: ஒரே ஒரு லைன்

கம்பெனி முழுக்க ஒரே நாளில் தொடங்க வேண்டாம். பிரச்சினை கண்ணுக்குத் தெரிகிற, சூப்பர்வைசருக்கு மனமிருக்கிற ஒரு லைன் போதும். அன்றன்றைய ஆல்ட்டர் எண்ணிக்கையை மட்டும் ஒரு போர்டில் எழுதி வாருங்கள்.

படி 2: நின்று பாருங்கள்

டொயோட்டாவின் உற்பத்தி முறையை வளர்த்த தாய்ச்சி ஓனோ, தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டு, அதற்குள் பொறியாளரை நிறுத்திவைத்துப் பார்க்கச் சொல்வாராம். நீங்களும் அரைமணி நேரம் ஓரிடத்தில் நில்லுங்கள். போன் வேண்டாம், யாரையும் திருத்தவும் வேண்டாம். எதற்காக நிற்கிறீர்கள் என்பதை டெய்லர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் வேவு பார்க்கிறீர்கள் என்று நினைப்பார்கள்.

பின்னாளில் வேறொரு யூனிட்டில் நான் அப்படி நின்றபோது, டி-சர்ட்டில் ஊசி ஓட்டை விழுந்து ஆல்ட்டர் குவிந்துகொண்டிருந்தது. நிட் துணியில் இந்த ஓட்டை கண்ணுக்குச் சட்டென்று தெரியாது, துவைத்த பிறகுதான் விரியும். ஓவர்லாக் (துணி ஓரத்தைப் பின்னித் தைக்கும்) மெஷினில் இருந்த அக்கா ஒருவர் பீஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் அடுத்ததை எடுத்தார்.

படி 3: "யார்" வேண்டாம், "ஏன்" கேளுங்கள்

ஓட்டை ஏன் விழுகிறது? ஊசி முனை மழுங்கிவிட்டது. ஏன் மாற்றவில்லை? அக்கா சொன்னார்: "ஸ்டோருக்குப் போயிட்டு வந்தா பத்து பீசு போயிரும் தம்பி. அந்தக் காச யாரு குடுப்பா?" ஏன் அவ்வளவு நேரம்? நானே நடந்து பார்த்தேன். ஸ்டோர் கீழ்மாடியில். பழைய ஊசியைக் கொடுத்து ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட வேண்டும், ஸ்டோர்காரர் வேறு வேலையாகப் போயிருந்தால் காத்திருக்க வேண்டும். ஏன் ஸ்டோரில் மட்டும் ஊசி? உடைந்த துண்டு ஆடைக்குள் போய்விடக் கூடாது என்று பையர் கேட்கிற கட்டுப்பாடு. கட்டுப்பாடு நியாயமானது, வைத்த இடம்தான் தப்பு.

பூட்டிய சின்னப் பெட்டி ஒன்றை ரெஜிஸ்டரோடு லைன் சூப்பர்வைசர் மேசைக்குக் கொண்டுவந்தோம். பழையது கொடுத்தால் புதியது, உடைந்தால் எல்லாத் துண்டும் சேர்ந்தால்தான் புதியது. விதி அப்படியே இருந்தது, நடை மட்டும் குறைந்தது. அந்த அக்காவைத் திட்டி மெமோ கொடுத்திருந்தால் மழுங்கிய ஊசி அங்கேயேதான் இருந்திருக்கும்.

படி 4: மறுநாளைக்குள் பதில்

இதுதான் உயிர்நாடி. காலையில் மெஷின் போடுவதற்கு முன் பத்து நிமிடம் நின்றபடியே பேசுங்கள். நேற்று என்ன தடங்கல், யார் பார்ப்பது, எந்தத் தேதிக்குள் என்று மூன்றையும் போர்டில் எழுதுங்கள். முடியாது என்றால் முடியாது என்று காரணத்தோடு சொல்லுங்கள், மனிதர்கள் ஏற்றுக்கொள்வார்கள். பதிலே வராததைத்தான் தாங்கமாட்டார்கள். லைனில் ஒடிசா, பீகார் தொழிலாளர்கள் இருந்தால் இந்தியிலும் எழுதுங்கள், கூடவே போட்டோ ஒட்டுங்கள். டெய்லருக்குத் துணையாகக் கைமடிக்கிற பெண்ணிடமும் கேளுங்கள். பண்டில் (வெட்டிய துணிக் கட்டு) எங்கே தேங்குகிறது என்று அவருக்குத்தான் முதலில் தெரியும்.

படி 5: காசு விஷயத்தை முன்கூட்டியே பேசுங்கள்

பீஸ் ரேட் (தைத்த பீஸ் கணக்கில் கூலி) யூனிட்டில் இதைத் தள்ளிப்போடவே கூடாது. தொழிலாளி சொன்ன யோசனையால் உற்பத்தி கூடியதும் ரேட்டைக் குறைத்தாலோ, "இனி இந்த லைனுக்கு ஒரு ஆள் குறைவாகப் போதும்" என்று ஒருவரை நிறுத்தினாலோ, அது அவர் கையாலேயே அவர் சோற்றைப் பிடுங்குவது. அடுத்த யோசனை வராது, வரவும் கூடாது. யோசனையால் ரேட் குறையாது, வேலை போகாது என்று முதலாளியே லைனுக்கு வந்து தன் வாயால் சொல்ல வேண்டும். மிச்சமாகிற ஆளை வேறு லைனுக்குப் பழக்குங்கள். முதலாளி அந்த வாக்கைத் தரத் தயாரில்லை என்றால், அது கிடைக்கும்வரை இந்த வேலையைத் தொடங்காதீர்கள்.

படி 6: பழைய நிலைக்குத் திரும்பாமல்

சரியாக வந்த முறையை ஒரு பக்கத்தில், படத்தோடு, மெஷின் பக்கத்திலேயே ஒட்டுங்கள். இதைவிட நல்ல முறை கிடைத்தால் அந்தத் தாளை மாற்றுங்கள். மேனேஜர் தினமும் ஒருமுறை போர்டு முன் வந்து நிற்க வேண்டும். உண்மையான சோதனை ஷிப்மென்ட் வாரம்தான். நைட் ஓட்டும் நாட்களில் முதலில் வெட்டுப்படுவது காலைப் பேச்சு. பத்து நிமிடத்தை மூன்றாகக் குறையுங்கள், நிறுத்திவிடாதீர்கள்.

அடுத்த லைனுக்கு எப்போது போவது என்று கேட்பீர்கள். எங்கள் யூனிட்டில் பக்கத்து லைன் டெய்லர்கள் இருவர் டீ நேரத்தில் வந்து, "எங்களுக்கும் அந்த ஊசிப் பெட்டி வேணுமுங்க" என்றார்கள். மறுநாள் காலை அங்கே ஒரு போர்டு மாட்டினோம்.