தேய்மானக் கணக்கைக் கிரைண்டரிலிருந்து தொடங்குங்கள்

பதினோராம் வகுப்பில் தேய்மானப் பாடத்தை, அதாவது பொருளின் மதிப்பு பயன்பாட்டால் ஆண்டுதோறும் குறைவதைக் கணக்கிடும் பாடத்தைத் தொடங்கும் ஆசிரியர், சூத்திரத்துக்கு முன்னால் மாணவர் கண்ணால் பார்த்த பொருள் ஒன்றைக் கரும்பலகையில் எழுதுவது நல்லது. மதுரை வகுப்புகளில் நான் எழுதுவது இட்லிக் கடைக் கிரைண்டர். பில் விலை 37,000 ரூபாய், வண்டி வாடகையும் பொருத்துகூலியும் 3,000 ரூபாய், எட்டு ஆண்டுகள் உழைக்கும், அதன்பின் காயலான் கடையில் போட்டால் 4,000 ரூபாய் கிடைக்கும் என்று சொன்னால், 40,000இல் 4,000ஐக் கழித்து எட்டால் வகுத்து, ஆண்டுக்கு 4,500 என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். ஆண்டுதோறும் ஒரே தொகையைக் கழிக்கும் இதற்கு நேர்க்கோட்டு முறை, காயலான் கடை விலைக்கு இறுதி மதிப்பு என்ற பெயர்களை அதற்குப் பிறகு கொடுத்தால் போதும்.

மதிப்பெண் பறிபோவது பெரும்பாலும் சூத்திரத்தில் அல்ல, மாதத்தில்தான். ஜூலை 1 அன்று வாங்கிய கிரைண்டருக்குக் கணக்காண்டு முடியும் மார்ச் 31 வரை விரல்விட்டு எண்ணும் மாணவர் எட்டிலோ பத்திலோ போய் நிற்பார். வாங்குவதற்கு முன் கழிந்த ஏப்ரல், மே, ஜூன் என்ற மூன்றைப் பன்னிரண்டிலிருந்து கழிக்கச் சொன்னால் ஒன்பது பிசகாமல் வரும். 4,500ஐ முதலில் மாதத்துக்கு 375 ஆக்கிவிட்டு ஒன்பதால் பெருக்கினால், பின்னமே இல்லாமல் 3,375 கிடைக்கும்.

ஆண்டுதோறும் மீதி மதிப்பில் ஒரே சதவீதத்தைத் தேய்மானமாகக் கழிக்கும் குறைந்துசெல் மதிப்பு முறையில் இறுதி மதிப்பைக் கழிக்கக்கூடாது என்பதை முதலிலேயே அழுத்திச் சொல்லிவிட வேண்டும். விகிதம் 15 சதவீதம் என்றால் கால்குலேட்டர் வேண்டாம். பத்தில் ஒரு பங்கை எழுதி, அதன் பாதியைச் சேர்த்தால் தீர்ந்தது. 40,000க்கு 4,000மும் 2,000மும் சேர்ந்து 6,000. மீதி 34,000க்கு 3,400மும் 1,700மும் சேர்ந்து 5,100. அடுத்து 28,900க்கு 4,335. இரண்டாம் ஆண்டிலும் 40,000க்கே கணக்கிடும் பழக்கம் சிலருக்கு எளிதில் போகாது. அவர்களை ஒவ்வோர் ஆண்டும் தொடக்க மதிப்பு, தேய்மானம், மீதி என மூன்று கட்டங்கள் போட்டு எழுதச் செய்யுங்கள். ஒவ்வோர் ஆண்டுத் தேய்மானமும் முந்தைய ஆண்டினதில் 85 சதவீதமாக இருக்கிறதா என்று அவர்களே சரிபார்த்துக்கொள்ளலாம். முதலாண்டு முழு ஆண்டாக இல்லாவிட்டால் இந்தச் சோதனையை மூன்றாம் ஆண்டை இரண்டாம் ஆண்டோடு ஒப்பிடுவதிலிருந்து தொடங்க வேண்டும்.

வீட்டில் கடை வைத்திருக்கும் மாணவர், தங்கள் ஆடிட்டர் மாதத்தையே எண்ணுவதில்லை என்பார். வருமான வரிக் கணக்கில், வாங்கிய ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தினால் பாதி விகிதம், இல்லையேல் முழு விகிதம் என்பதே முறை. அதை அங்கேயே விளக்கிவிட்டு, தேர்வுக்கு மாதக் கணக்குதான் என்று பலகையில் அடிக்கோடிட்டுவிடுங்கள்.