தென்னை நிற்கும் வீட்டில் எண்ணெயும் சவுக்காரமும்

ஒரு கிலோ தேங்காயெண்ணெய்க்கு ஏறக்குறைய பதினொரு தேங்காய் வேண்டும். நன்றாக விளைந்த ஒரு தேங்காயிலிருந்து சுமார் 150 கிராம் கொப்பரை கிடைக்கும்; கொப்பரையின் எடையில் அறுபது சதவீதத்துக்குச் சற்று மேல் எண்ணெயாக இறங்கும். வீட்டில் எண்ணெய் எடுப்பது லாபமா என்று பார்க்க விரும்புகிறவர்கள், அன்றைய தேங்காய் விலையைப் பதினொன்றால் பெருக்கி, ஆட்டும் கூலியைச் சேர்த்து, பிண்ணாக்குக்குக் கிடைக்கும் விலையைக் கழித்துப் பார்த்தால் போதும். காசு கொடுத்துத் தேங்காய் வாங்கி எண்ணெய் ஆட்டுகிறவர்களுக்குப் பெரும்பாலும் கையைக் கடிக்கும் என்பதே உண்மை. சொந்த விளையில், அதாவது தோப்பில், நாலைந்து தென்னை நிற்பவர்களுக்கும் கணக்கு உண்டு: வியாபாரி அந்தத் தேங்காய்க்கு என்ன விலை தருவார் என்பதுதான் அவர்களுக்கு முதலீடு. 2025-ஆம் ஆண்டு தேங்காய் விலையும் எண்ணெய் விலையும் சேர்ந்தே ஏறியபோது, காயை அப்படியே விற்றுவிடலாமா, ஆட்டி வைக்கலாமா என்று எங்கள் வீட்டிலும் பேச்சு நடந்தது. ஆட்டியே வைத்தோம். வியாபாரி கழித்துப் போடும் சிறிய காய்களையும், நெற்றாகித் தானாக உதிர்ந்த காய்களையும் கணக்கில் சேர்த்தபோது தராசு அந்தப் பக்கம் சாய்ந்தது.

குமரி மாவட்டத்தில் இந்த எண்ணெய் தலைக்கு மட்டுமானதன்று. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்த மண் என்பதாலோ, திரும்பிய பக்கமெல்லாம் தென்னை நிற்பதாலோ, அவியலுக்கும் துவரனுக்கும் மீன் குழம்பின் தாளிப்புக்கும் இதுவே ஊற்றப்படுகிறது. ஆகவே மாதம் இரண்டு மூன்று கிலோ செலவாகும் குடும்பம் இங்கே சாதாரணம். வீட்டுச் செலவைக் குறைக்க நினைப்பவர் முதலில் கை வைக்க வேண்டிய இடமும் அதுதான்.

முதலில் காலம். தமிழ்நாட்டின் பல பகுதிகளைப் போலன்றி, நமக்கு ஜூன் தொடங்கிச் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையும், அக்டோபர் தொடங்கி டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் பெய்கின்றன. நம்பிக்கையாக வெயில் அடிப்பது ஜனவரி முதல் ஏப்ரல் வரைதான். மே மாதத்தில் கோடை மழை எப்போது இறங்கும் என்று சொல்ல முடியாது. ஆண்டுக்கு வேண்டிய எண்ணெயில் பெரும்பங்கை இந்த நான்கு மாதங்களுக்குள் ஆட்டி முடிப்பது என்று வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. நான் ஒருமுறை ஜூன் முதல் வாரத்தில் அடித்த இரண்டு நாள் வெயிலை நம்பி அறுபது தேங்காயை உடைத்துப் போட்டு, மூன்றாம் நாள் பிடித்த மழையில் அரைகுறையாகக் காய்ந்ததை அள்ளிச் சாக்கில் கட்டி வைத்தேன். ஒரு வாரம் கழித்து அவிழ்த்தபோது பாதிக்கு மேல் பூசணம் பிடித்து, சாக்கின் உள்ளே கையை விட்டால் வெதுவெதுப்பாக இருந்தது.

மரத்திலிருந்து வெட்டிய உடனே உடைக்காமல், காயை இரண்டு மூன்று வாரம் நிழலில் போட்டு வைப்பது நல்லது. உள்ளே தண்ணீர் வற்றி, பருப்பு இறுகி, எண்ணெய்ப் பிடிப்பும் கூடும். காதருகே வைத்துக் குலுக்கினால் தண்ணீர் கலகலவென்று சத்தம் போடும் காய்களே எண்ணெய்க்கு ஏற்றவை. சத்தம் வராத இளங்காயைக் குழம்புக்கு ஒதுக்கிவிட வேண்டும். அதைக் காயவைத்தால் கொப்பரை தோல்போலச் சுருங்கி, மில்லில் எண்ணெய்க்குப் பதில் பிசினாக வரும். வெயில் உறுதியாகத் தெரியும் நாளில் காலையிலேயே உடைத்து, தண்ணீரை வடித்து, முதல் நாள் மூடிகளைக் கவிழ்த்துச் சிறிது நேரம் வைத்துப் பின் வாய் மேலே பார்க்கும்படி மாடியில் பரப்ப வேண்டும். வெறும் சிமென்ட் தரையில் போடாமல் பாய் அல்லது சுத்தமான சாக்கின் மேல் பரப்பினால் மண் ஒட்டாது. காகத்துக்கும் அணிலுக்கும் பழைய மீன்வலைத் துண்டு ஒன்றை மேலே விரித்துக் கட்டுவதே போதுமான காவல்; கடற்கரை ஊர்களில் கிழிந்த வலைக்குப் பஞ்சமே இல்லை.

இரண்டு நாள் நல்ல வெயில் பட்டால் பருப்பு சிரட்டையை விட்டு விலகத் தொடங்கும். அப்போது கத்தி முனையால் நெம்பினால் முழு மூடியாகக் கழன்று வரும். கழற்றிய பருப்பை மேலும் நான்கைந்து நாள் காய வைக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் வெயில் தாழும் முன்பே வாரி உள்ளே எடுத்துவிட வேண்டும், ஏனென்றால் பகலில் போன ஈரத்தை இரவுப் பனி திருப்பிக் கொண்டுவந்துவிடும். பச்சைத் தேங்காய்ப் பருப்பின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அது ஆறு சதவீத அளவுக்கு இறங்கினால்தான் எண்ணெய் கெடாமல் நிற்கும். இதை அளக்கக் கருவி தேவையில்லை. ஒரு பத்து மூடிகளைத் தனியாகக் குறித்து வைத்து, அடுத்தடுத்த இரண்டு மாலைகளில் எடை போட்டு, எடை குறையாமல் நின்றால் காய்ந்துவிட்டது என்று கொள்ளலாம். என் மாமியாருக்குத் தராசும் வேண்டாம். ஒரு மூடியைக் கையில் எடுத்து மடக்குவார். வளைந்தால் திரும்பவும் வெயிலுக்குப் போகும். "மக்ளே, காஞ்ச மாதிரி இருந்தா போதாது, படக்குன்னு ஒடையணும்" என்பது அவர் கணக்கு. உடைந்த இடத்தில் நடுப்பகுதி வெள்ளையாக, ஈரக்கோடு இல்லாமல், விரல் வைத்தால் எண்ணெய் மினுங்கும்படி இருந்தால் அது ஆட்டத் தயார்.

நடுவில் வானம் மூடிக்கொண்டால் அடுப்படிப் பரண் கைகொடுக்கும். விறகடுப்பு உள்ள வீடுகளில் அடுப்புக்கு மேலே கம்பித் தட்டில் கொப்பரையைப் பரப்பி, கீழே சிரட்டையைக் கனலாக எரியவிட்டால் இரண்டு மூன்று நாளில் தப்பித்துக்கொள்ளலாம். சிரட்டைக்கனலில் புகை குறைவு. கதம்பையை, அதாவது தேங்காய் உரிமட்டையை, எரித்தால் எண்ணெயில் புகைவாடை ஏறிவிடும். பூசணம் கண்ட கொப்பரையை மட்டும் துடைத்துச் சேர்த்துக்கொள்ளக் கூடாது. மஞ்சளும் பச்சையும் கலந்த பூசணத்தில் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு உண்டாகக்கூடும். அது வெயிலிலும் அடுப்பிலும் எளிதில் அழிவதில்லை. மாட்டுக்கும் கொடுக்கக் கூடாது. குழியில் போட்டு மூடுவதுதான் சிக்கனம்.

மில்லுக்குக் கொண்டுபோகும் முன், நம்முடைய கொப்பரையைத் தனியாக ஆட்டித் தருவார்களா, அதற்குக் குறைந்தபட்சம் எத்தனை கிலோ வேண்டும் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். குறைவான அளவாக இருந்தால் பக்கத்து வீட்டாரோடு சேர்ந்து கொண்டுபோகலாம். ஒன்பது கிலோ கொப்பரைக்கு ஐந்தரைக் கிலோ அளவில் எண்ணெயும், மூன்று கிலோ அளவில் பிண்ணாக்கும் வர வேண்டும். இதைவிட மிகக் குறைந்தால் கொப்பரையின் ஈரத்தையோ இயந்திரத்தையோ சந்தேகிக்கலாம். பிண்ணாக்கை அங்கேயே விட்டுவிட்டு வராதீர்கள். மாடு இல்லாத வீட்டிலும் அதை ஊறவைத்து வாழைக்கும் கறிவேப்பிலைக்கும் ஊற்றலாம்.

ஆட்டிய எண்ணெயை அப்படியே அடைக்காமல், அகன்ற எவர்சில்வர் பாத்திரத்தில் மெல்லிய துணி கட்டி மூன்று நான்கு நாள் அசையாமல் வைத்தால் கசடு அடியில் படியும். மேலே தெளிந்ததை மெதுவாக வேறு பாத்திரத்துக்குச் சரித்து, மிகச் சிறு தீயில் சூடாக்கி, சிறு குமிழிகள் நிற்கும் வரை வைத்திருந்து இறக்கினால் மிஞ்சிய ஈரமும் போய்விடும். ஆறியபின் நன்றாகக் காய்ந்த கண்ணாடி பரணியிலோ (ஜாடியிலோ) எவர்சில்வர் தூக்கிலோ கழுத்துவரை நிரப்பி, வெளிச்சம் படாத இடத்தில் வைக்கலாம். அன்றாடத்துக்குச் சிறு குப்பியில் பிரித்து வைத்துக்கொண்டு, பெரிய பரணியை மாதம் ஒருமுறை மட்டும் திறப்பது நல்ல பழக்கம். ஈரக்கரண்டியை விட்டால் எண்ணெய் சிக்கு வாடை பிடிக்கும். டிசம்பர், ஜனவரி விடியற்காலைகளில் எண்ணெய் வெண்ணெய்போல உறைந்துவிட்டால் பயப்பட வேண்டியதில்லை. 24 பாகை செல்சியசுக்குக் கீழே அதன் இயல்பே அதுதான்.

பிள்ளை பெற்ற வீட்டுக்குக் கொஞ்சம் உருக்கெண்ணெய் வேண்டுமென்றால் மில்லுக்குப் போகவே தேவையில்லை. தேங்காயைத் துருவி, குறைந்த வெந்நீர் விட்டுக் கெட்டியாகப் பால் பிழிந்து, அந்தப் பாலை ஒரு இரவு குளிர்ச்சாதனப் பெட்டியில் வைத்தால் மேலே பாலாடைக்கட்டிபோல இறுகிக்கொள்ளும்; அதை மட்டும் எடுத்து உருளியில் காய்ச்ச வேண்டும். முழுப்பாலையும் கொதிக்கவிட்டால் தண்ணீர் வற்றுவதற்கே எரிவாயு பாதி போய்விடும். அடியில் தங்கும் பொடி வெள்ளையிலிருந்து பொன்னிறமாக மாறும் நொடியில் இறக்கி வடிகட்டுங்கள். பத்துத் தேங்காய்க்கு அரை லிட்டர் கிடைத்தால் நல்லது என்று இருங்கள். பொன்னிறப் பொடியைக் கருப்பட்டியோடு பிசைந்து வைத்தால் பிள்ளைகள் மிச்சம் வைக்கமாட்டார்கள்.

இனி, எல்லாக் கவனத்தையும் மீறிச் சிக்கு வாடை பிடித்த எண்ணெய். இது சமையலுக்கு ஆகாது, ஆனால் சவுக்காரத்துக்கு, அதாவது சோப்புக்கு, ஆகும். தேங்காயெண்ணெய்ச் சவுக்காரத்துக்கு ஒரு தனிக்குணம் உண்டு: பிற எண்ணெய்ச் சவுக்காரங்கள் திரிந்துபோகும் உவர்த் தண்ணீரிலும் அது நுரைக்கும். கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கும் கடலோர வீடுகளுக்கு இதைவிடப் பெரிய சிபாரிசு வேண்டியதில்லை.

துணிக்கும் பாத்திரத்துக்கும் என்றால் 500 கிராம் எண்ணெய்க்கு 90 கிராம் காஸ்டிக் சோடாவும் (எண்ணெயைச் சவுக்காரமாக்கும் கடுங்காரம்) 180 கிராம் தண்ணீரும் எடுக்க வேண்டும். குளிப்பதற்கு என்றால் நல்ல எண்ணெயையே எடுத்து, காஸ்டிக் சோடாவை 73 கிராமாகக் குறைக்க வேண்டும். அப்போதுதான் எண்ணெயில் ஒரு பங்கு சவுக்காரமாக மாறாமல் நின்று தோலை வறட்டாமல் காக்கும். இந்த அளவுகள் கலப்பில்லாத தேங்காயெண்ணெய்க்கு மட்டுமே பொருந்தும். பாமாயிலுக்கும் சூரியகாந்தி எண்ணெய்க்கும் காஸ்டிக் சோடா இன்னும் குறைவாகவே தேவை என்பதால், என்னென்ன கலந்தது என்று தெரியாத பொரித்த எண்ணெயை இதில் ஊற்றினால் சவுக்காரம் கையைப் புண்ணாக்கும். தண்ணீர் உட்பட எல்லாவற்றையும் ஒரு கிராம் வரை காட்டும் தராசில் எடை போட வேண்டும்; டம்ளர் கணக்கு இங்கே செல்லாது.

வேலையை முற்றத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன நேரமாக இருக்கட்டும். கையுறையும் கண்ணைக் காக்கும் கண்ணாடியும் கட்டாயம். எவர்சில்வர் பாத்திரம் மட்டுமே ஆகும், அலுமினியத்தைக் காஸ்டிக் சோடா அரித்துத் தின்றுவிடும். தண்ணீரை முதலில் ஊற்றி, அதில் காஸ்டிக் சோடாவைச் சிறிது சிறிதாகத் தூவிக் கிளற வேண்டும். மாற்றிச் செய்தால், அதாவது சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றினால், கொதித்து முகத்தில் தெறிக்கும். கலந்தவுடன் பாத்திரம் தொட முடியாத அளவுக்குச் சுடும், மூக்கை எரிக்கும் ஆவியும் வரும்; தள்ளி நின்று ஆறவிட வேண்டும். தோலில் பட்டால் வேறு எதையும் தேடாமல் ஓடும் தண்ணீரில் நெடுநேரம் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்.

கரைசலும் எண்ணெயும் கை பொறுக்கும் சூட்டுக்கு, ஏறக்குறைய 40 பாகைக்கு வந்தபின், எண்ணெயில் கரைசலை நூல்போல ஊற்றிக் கிளற வேண்டும். மரக்கரண்டியால் கிளறினால் முக்கால் மணி நேரமும் ஆகலாம். மத்தாகச் சுழலும் சிறிய பிளெண்டர் இருந்தால் சில நிமிடங்கள் போதும், ஆனால் அதைப் பின்பு சமையலுக்கு எடுக்கக் கூடாது. கலவை முதலில் கலங்கி, பிறகு கஞ்சிபோல் கெட்டியாகி, கரண்டியைத் தூக்கி மேலே சொட்டினால் அந்தச் சொட்டு உடனே மூழ்காமல் கோடாக நிற்கும். அதுதான் பதம். பிளாஸ்டிக் தாள் விரித்த மரப்பெட்டியில் ஊற்றி மூடி வைக்கலாம். தேங்காயெண்ணெய்ச் சவுக்காரம் வேகமாக இறுகும். மறுநாள் காலை தாண்டினால் கத்தி இறங்காது, விளிம்பு விளிம்பாக உடையும். என் முதல் பாளம் அப்படித்தான் போனது. அந்தத் துண்டுகளைத் துருவித் துணி துவைக்கும் பொடியாக்கித் தீர்த்தேன். ஊற்றி ஆறேழு மணி நேரம் கழிந்ததும் விரலில் கையுறையோடு அழுத்திப் பாருங்கள். பள்ளம் விழாமல், ஆனால் லேசான சூட்டோடு இருந்தால் அதுவே வெட்டும் நேரம்.

வெட்டிய கட்டிகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் காற்றோட்டமான நிழலில் அடுக்கி, நான்கிலிருந்து ஆறு வாரம் ஆறவிட வேண்டும். எங்கள் வீட்டில் கொப்பரைக்குப் பயன்படும் அதே கம்பித் தட்டுதான் இதற்கும். தட்டின் ஓரத்தில் ஊற்றிய தேதியைச் சாக்பீசால் எழுதி வைப்போம். பிப்ரவரியில் எண்ணெய் ஆட்டி, பழையதை மார்ச் முதல் வாரத்தில் சவுக்காரமாக ஊற்றினால், ஏப்ரல் நடுவில் முதல் கட்டி துவைகல்லுக்கு வந்துவிடும்.